கணினி அணையாமை: மேல்விஷாரத்துத் தோல் ஷாப்பு ஒன்றின் கணக்கறையை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் 1: தேவையும் வரையறையும்

தமிழில் இனி ஆராய என்ன மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. பறவை, பூ, பல்லி, பெருமூச்சு என்று எதை எடுத்தாலும் அது சங்க இலக்கியத்தில் இருக்கிறதா இல்லையா என்று யாராவது பார்த்து முடித்து, பட்டமும் வாங்கி, பதவி உயர்வும் பெற்றுவிட்டார்கள். ஆனால் மாலை ஏழு மணிக்கு ‘டர்ன் ஆஃப்’ கொடுத்த பிறகும் அணையாமல், விசிறி சுழல, பச்சை விளக்கு எரிய, மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய கணினிக்காக ஒரு கருத்தரங்கம் கூட்டி, கோப்பும் பேனாவும் மதியச் சாப்பாடும் கொடுக்க எவரும் முன்வந்தபாடில்லை. அக்குறை தீர இக்கட்டுரை எழுந்தது. இதற்குப் பட்டம் கிடைக்காது என்று தெரிந்தே எழுதுவதால் உண்மை சற்றுக் கூடுதலாகக் கலந்திருக்கலாம், ஆய்வுலகம் பொறுத்தருள்க.

கணினி அணையாமை என்பது யாதெனின், ஷட் டவுன் ஆணை பிறந்து, கோப்புகள் மூடப்பட்டு, திரை கறுத்தோ அல்லது ‘இட் இஸ் நௌ சேஃப் டு டர்ன் ஆஃப் யுவர் கம்ப்யூட்டர்’ என்ற வாசகத்தைத் தாங்கியோ நிற்கையில், மின்சாரம் மட்டும் போகாதிருக்கும் நிலை. இதைத் தொங்கிப்போதல் என்னும் வேறொரு நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொங்கிப்போன கணினி வேலையை முடிக்கவில்லை. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அதற்குப் பேர்போனது. விடைபெறும்போது போடும் இசைக்கோப்பு கெட்டிருந்தால்கூடப் பாதி வழியில் நின்றுவிடும். இந்த ஒரு வியாதிக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு மருந்து வெளியிட வேண்டி வந்தது. நம் ஆய்வுப்பொருள் அதுவன்று. அணையாத கணினி தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. எல்லாம் பத்திரம் என்று சொல்லியும் விட்டது. போகாமல் நிற்கிறது, அவ்வளவே. இலக்கண நெறியில் இது வினையெச்சம்: ‘அணைந்து’ என்பதுவரை வந்தாயிற்று; வினைமுற்றைத்தான் காணோம்.

இயல் 2: ஆய்வுக்களம்

மேல்விஷாரம் பாலாற்றங்கரையில், ஆற்காட்டை ஒட்டி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். தோல் பதனிடுதல் இவ்வூரின் பிழைப்பு. படிப்பு இவ்வூரின் பெருமை. சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. அதே பெயரிலான பொறியியல் கல்லூரி வந்தது 1998-இல். விண்டோஸ் 98 வெளிவந்ததும், நம் ஆய்வுக்குரிய கணினியின் வயிற்றில் இருக்கும் இன்டெல் 440 பி.எக்ஸ். சிப்செட் வெளிவந்ததும் அதே 1998. ஊருக்குள் நோயும் வைத்தியரும் ஒரே ஆண்டில் குடியேறியது தற்செயல் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆய்வுக்கட்டுரையில் தற்செயல் என்ற சொல்லுக்கு இடமில்லை.

களம், ஒரு தோல் ஷாப்பின் மாடியில் உள்ள கணக்கறை. கீழே உப்புப் போட்ட பச்சைத் தோல் அடுக்கிய கிடங்கு. பின்கட்டில் டிரம் சுற்றும் சத்தம் தரை வழியாக நாற்காலிக்கு ஏறி வரும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பல்லின் பழுப்புக்கு வந்துவிட்ட கணினிப் பெட்டி. (பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காதிருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுவதும் இதற்கு ஒரு காரணம் என்பர், கணக்கர் அதை ஒப்பவில்லை, ‘டீ ஆவி சார்’ என்கிறார்.) பெட்டியின் நெற்றியில் 786 என்று ஒரு ஸ்டிக்கர். மானிட்டரின் நெற்றியில் ஆயுத பூசைக்குக் கணக்கர் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்து நிற்கிறது. முதலாளி முதலாவதை ஒட்டினார், இரண்டாவதை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு காப்பும் இருந்தும் கணினி அணையவில்லை என்பதை முதற்கண் பதிவு செய்கிறோம்.

இவ்வளவு பழைய கணினி ஏன் என்று வாசகர் கேட்கலாம். ஜாப் ஒர்க் சீட்டை மூன்று நகலாகக் கார்பன் வைத்து அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வேண்டும். அந்தப் பிரிண்டரின் அகலமான வாய்க்கு இந்தக் கணினியின் முதுகில்தான் ஓட்டை இருக்கிறது. பழைய டேலி கணக்கும் அதில்தான் கிடக்கிறது. அதில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்.பி.யை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைகழுவியது; கணக்கர் கைகழுவவில்லை. இணையம் கிடையாது. வைரஸ் வந்தால் பென் டிரைவில் மாடிப்படி ஏறித்தான் வர வேண்டும்.

இயல் 3: முன்னோர் கொள்கைகளும் அவற்றின் மறுப்பும்

இப்பொருள் குறித்து ஷாப்புக்குள் ஏற்கெனவே நான்கு கொள்கைகள் வழங்கி வந்தன. ஒவ்வொன்றையும் அதற்குரியவர் வாய்மொழியாலேயே தருகிறோம்.

மிகத் தொன்மையானது பிளக்கு மதம். வாட்ச்மேன் தாத்தா இதன் ஆசிரியர். ‘பிளக்கைப் புடுங்கினா அணையப் போவுது. இதுக்கு எதுக்குய்யா படிச்சவங்க?’ என்பது மூலச் சூத்திரம். இதற்கு மறுப்பு எழுதுவது எளிதன்று. பிளக்கைப் பிடுங்கினால் அணைவது மெய். கோப்புகள் எல்லாம் மூடிய பிறகே பிடுங்குவதால் கணக்குக்கும் சேதமில்லை. ஆயினும் இது நோயைத் தீர்ப்பதன்று, நோயாளியைத் தீர்ப்பது என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறோம். மேலே செல்லும்போது சற்றுத் தயக்கத்தோடுதான் செல்கிறோம் என்பதும் குறிக்கத்தக்கது.

அடுத்தது கந்தகக் கொள்கை. ஆற்காட்டிலிருந்து வரும் கம்ப்யூட்டர் தம்பி இதைச் சொன்னார். ‘சார், இது தோல் ஷாப்பு. இங்க வர்ற காத்துல செம்பெல்லாம் கறுத்துப்போகும். சுவிட்சு உள்ள பிடிச்சுக்கிச்சு, அதான் விட மாட்டேங்குது.’ நான்கில் வேதியியல் பலம் உள்ளது இதுவே. தோலிலிருந்து மயிர் போக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். அது பட்டால் செம்பு கறுக்கும், வெள்ளிக் கொலுசு கறுக்கும், கணினி இணைப்பு முனைகளும் கறுக்கும். ஆகவே தோல் ஷாப்புக் கணினி சீக்கிரம் நோய்வாய்ப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கறுத்த முனை மின்சாரத்தைத் தடுக்கும், கொடுத்துக்கொண்டே இருக்காது. துருவேறிய சுவிட்சால் கணினி எழுந்திருக்காமல் போகலாமே தவிர, படுக்க மறுப்பது அரிது. தம்பி இம்மறுப்பைக் கேட்டு, ‘அப்ப நாளைக்கு ஆன் ஆகாம போனா என்னைக் கூப்பிடுங்க’ என்றார். கொள்கையாளர் தம் கொள்கையைக் கைவிடாமல் எதிர்காலத்துக்கு ஒத்திவைப்பது ஆய்வுலகில் புதிதன்று.

மூன்றாவது பேட்டரிக் கொள்கை. மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது, சி.ஆர். 2032, மூன்று வோல்ட். அது செத்துவிட்டால் கணினி தேதியை மறக்கும், கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலில் நாம் வைத்த அமைப்புகளையும் மறக்கும். அந்த அமைப்புகளில் மின் மேலாண்மையும் ஒன்று என்பதால் இக்கொள்கை பாதி சரி. மீதிப் பாதியில்தான் வழுக்கல். கணக்கரின் தம்பி மகன் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, ‘இப்ப இது புது கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கும், தானா அணைஞ்சிடும்’ என்றானாம். கணினியின் வயதை விண்டோஸ் பார்ப்பது கடிகாரத்தில் இல்லை. பயாஸ் சில்லுக்குள் தொழிற்சாலையிலேயே எழுதிவிட்ட தேதியில். பிறந்த தேதியை நாள்காட்டி மாற்றித் திருத்த முடியாது. இந்தத் தேதி பின்னால் நமக்கு வேண்டியிருக்கும். வாசகர் முடிந்து வைத்துக்கொள்க.

நான்காவது, மறுநிறுவல் கொள்கை: ‘ஓ.எஸ். போட்டுடலாம் சார்.’ தமிழ்நாட்டுக் கணினி வைத்தியத்தில் இது எல்லா நோய்க்கும் முதல் மருந்து, இறுதி மருந்து, இடையில் வேறு மருந்து இல்லாதபோது இடை மருந்து. பிரிண்டர் தாள் இழுக்கவில்லையா, ஓ.எஸ். போடு. எலி மவுஸ் வயரைக் கடித்ததா, ஓ.எஸ். போடு. இந்த நோய்க்கு அது ஏன் பயன்படாது என்பதை அடுத்த இயல் விளக்கும்.

இயல் 4: அணைக்கும் அதிகாரம் கைமாறிய வரலாறு

கணினி தானாக அணைய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே புதுப்பழக்கம். 1981-இல் ஐ.பி.எம். விற்ற பி.சி.யின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருந்தது. டிரம் மோட்டாரின் சுவிட்சுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. போட்டவன் அணைக்க வேண்டும். 1984-இல் ஏ.டி. என்ற மாடல் வந்து, அதன் பெயரிலேயே பெட்டியும் மின்வழங்கியும் ஊரெங்கும் பரவின. பின்னாளைய ஏ.டி. பெட்டிகளில் சுவிட்ச் முன்பக்கம் வந்தது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டும் தடித்த வயரில் முன்முகம்வரை வந்து அந்தச் சுவிட்ச் வழியே போய் மீளும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் தொட்டவர்கள் கணினித் துறையை விட்டு வேறு துறைக்குப் போயிருக்கிறார்கள். இத்தகைய கணினியை எந்த மென்பொருளாலும் அணைக்க முடியாது. அணைக்க மென்பொருளுக்குக் கை இல்லை. எனவேதான் விண்டோஸ் 95, கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இப்போது நீங்கள் அணைக்கலாம் என்று எழுதிக் காட்டியது. அது பிழைச்செய்தி அன்று. மனிதனுக்கு விடுத்த வேண்டுகோள். ‘லோகோஸ்.சிஸ்’ என்ற பெயரில் ஒளிந்திருந்த அது உண்மையில் வெறும் படக்கோப்பு. பெயின்டில் திறந்து ‘போய்ட்டு வாங்க பாய்’ என்று மாற்றி எழுதினாலும் விண்டோஸ் மறுபேச்சில்லாமல் காட்டும்.

1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இங்கேதான் அதிகாரம் கைமாறுகிறது, ஆகவே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர்க் கொத்தில் ஊதா நிறத்தில் ஒன்று உண்டு. கணினி அணைந்திருந்தாலும் அதில் ஐந்து வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அணைத்த பின்னும் சில கணினிகளில் மவுஸின் அடிவயிறு சிவப்பாக மின்னுவது இந்தச் சொட்டு மின்சாரத்தால். பச்சை வயர் ஒன்று உண்டு. மதர்போர்டு அதை இழுத்துத் தரையோடு பிடித்துக்கொண்டிருக்கும்வரை மின்வழங்கி ஓடும். பிடியை விட்டால் நிற்கும். சந்தேகமிருந்தால் மெக்கானிக்குகள் பச்சையையும் கறுப்பையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்ப்பார்கள். மின்வழங்கி தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கும், கணினியே தேவையில்லை. ஆக ஏ.டி.எக்ஸ். உலகில் கணினியை அணைப்பது என்றால் எதையும் செய்வதன்று, பிடித்துக்கொண்டிருந்ததை விடுவது. அணையாத கணினியில் யாரோ ஒருவர் பச்சை வயரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் விடவில்லை என்றால், விடச்சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

யார் சொல்ல வேண்டும் என்பதில்தான் வழக்கு. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற ஏற்பாட்டைச் செய்தன. அதன்படி விண்டோஸ் நேரடியாக எதையும் தொடாது. பயாஸைக் கூப்பிட்டு, ‘எல்லாச் சாதனங்களும்’ என்பதற்கு 1 என்றும் ‘அணை’ என்பதற்கு 3 என்றும் இரண்டு எண்களைக் கையில் கொடுக்கும். மற்றதைப் பயாஸ் பார்த்துக்கொள்ளும். முதலாளி மேஸ்திரியிடம் சொல்ல, மேஸ்திரி ஆளிடம் சொல்லும் முறை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் ஏ.சி.பி.ஐ. என்ற புது ஏற்பாட்டை வெளியிட்டார்கள். அதில் மேஸ்திரி கிடையாது. பயாஸ் ஓர் அட்டவணையை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இயங்குதளமே அதைப் படித்து, உரிய பதிவேட்டில் உரிய எண்ணை எழுதிப் பதின்மூன்றாம் பிட்டை உயர்த்தினால் பச்சை வயர் விடுபடும்.

சிக்கல் இடைக்காலத்தில் பிறந்த கணினிகளுக்குத்தான். ஆரம்பகாலத்துப் பயாஸ்கள் பல, ஏ.சி.பி.ஐ. அட்டவணையைப் பிழையும் பொத்தலுமாக எழுதின. விண்டோஸ் 2000-மும் எக்ஸ்.பி.யும் அனுபவப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தன: பயாஸ் தேதி 1999 ஜனவரி 1-க்கு முந்தையதென்றால், நல்லவை என்று தனியே குறித்துவைத்த பட்டியலில் இருந்தாலொழிய, அதன் ஏ.சி.பி.ஐ. பேச்சை நம்புவதில்லை. அந்நாளைய லினக்ஸ் இன்னும் வெளிப்படை. உன் பயாஸ் இந்த ஆண்டினது, மிகப் பழையது, ஏ.சி.பி.ஐ.யை அணைத்துவிட்டேன், வேண்டுமானால் ‘ஏ.சி.பி.ஐ.=ஃபோர்ஸ்’ என்று போட்டுக்கொள் என்று முகத்துக்கு நேரே எழுதிவிடும். நம் கணக்கறைக் கணினியைத் தொடங்கியதும் திரையின் அடியில் ஒரு கணம் ஓடும் வரியில் 1998 என்று ஒரு தேதி தெரிகிறது. வாசகர் முடிந்து வைத்த தேதியை இப்போது அவிழ்க்கலாம். எக்ஸ்.பி. அந்தத் தேதியைப் பார்த்தது. புது முறையை மறுத்தது. பழைய முறையையாவது கையாண்டதா என்றால், எக்ஸ்.பி.யில் ஏ.பி.எம். பலவேளை தானாக இயங்காது. போய் டிக் அடிக்க வேண்டும். ஆக, புது முறைக்கு ஆகாத கிழம், பழைய முறைக்கு ஆணை வராத ஆள். திரும்பத் திரும்ப ஓ.எஸ். போட்டாலும் எக்ஸ்.பி. அதே தேதியைப் பார்க்கும், அதே முடிவுக்கு வரும். மறுநிறுவல் கொள்கை இங்கே வீழ்ந்தது.

அணைக்கச் சொல்வது யார், அணைப்பது யார் என்ற கேள்வி அந்த 1996-இல் கணினிக்கு மட்டும் எழவில்லை. ஏ.சி.பி.ஐ.க்கு நான்கு மாதம் முன்பு, ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளைப் பற்றித் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஷாப்புகளை மூடவும் வழி சொன்னது. ஆனால் ஒரு தோல் ஷாப்பை மூடுவது எப்படி? மூடுங்கள் என்று நோட்டீசு கொடுக்கலாம். கொடுத்தால் முன்கதவு மூடியிருக்கும், பின்கட்டில் டிரம் சுற்றிக்கொண்டிருக்கலாம். 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1988-இல் சேர்த்த 33-ஏ பிரிவு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. மூடச்சொல்வதோடு நில்லாமல் மின் இணைப்பையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தருகிறது. ஏ.சி.பி.ஐ. ஆவணம் அணைந்த நிலையை இரண்டாகப் பிரிக்கிறது: மென்பொருள் அணைத்தது ஒன்று, மின் இணைப்பே அற்றது மற்றொன்று. நம் சட்டம் முதலாவதை நம்பவில்லை. வாட்ச்மேன் தாத்தாவின் பிளக்கு மதத்துக்கு இவ்வாறு நாடாளுமன்ற அங்கீகாரம் இருப்பதை இவ்வாய்வு முதன்முறையாக வெளிக்கொணர்கிறது.

இயல் 5: பொற்காலம்

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாதிருந்தது. அக்காலத்தில் கணினி அணையவில்லை என்ற புகார் ஒன்றுகூட எழவில்லை. மின்வாரியமே அணைத்துக்கொடுத்தது.

இயல் 6: சோதனை

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்காக ஷாப்பு ஓய்ந்திருந்த நேரத்தில் சோதனை நடந்தது. கம்ப்யூட்டர் தம்பி, கணக்கர், ஆய்வாளன் ஆகிய மூவர் உடனிருந்தோம்.

முதலில் பெட்டி ஏ.டி.யா ஏ.டி.எக்ஸா என்று பார்க்கப்பட்டது. ஏ.டி. என்றால் ஆய்வை அங்கேயே முடித்துக்கொண்டு பிரியாணிக்குப் போயிருக்கலாம். ஏ.டி.எக்ஸ்.; ஊதாவும் பச்சையும் இருந்தன. வீங்கிய மின்தேக்கி எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்து டெலீட் விசையைத் தட்டிப் பயாஸுக்குள் நுழைந்தோம். மின் மேலாண்மைப் பக்கத்தில் ஏ.பி.எம். இயங்கும் நிலையில்தான் இருந்தது. அதற்குக் கீழே பொத்தானை அழுத்தினால் உடனே அணைய வேண்டுமா, நான்கு விநாடி பிடித்தால் அணைய வேண்டுமா என்று ஒரு கேள்வி. உடனே என்று வைத்திருந்தது. ‘அதான் சார், பட்டன்ல கை பட்டாலே பொட்டுன்னு போயிடுது’ என்றார் கணக்கர். நெடுநாளைய இன்னொரு மர்மம் போகிறபோக்கில் துலங்கியது.

பின்பு விண்டோஸுக்குள். டிவைஸ் மேனேஜரில் ‘கம்ப்யூட்டர்’ என்ற தலைப்பை விரித்தால் ‘ஸ்டாண்டர்ட் பிசி’ என்று எழுதியிருந்தது. ஏ.சி.பி.ஐ.யை ஏற்ற கணினி என்றால் அப்பெயரே அங்கே இருந்திருக்கும். நான்காம் இயலின் கருதுகோள் நிறுவப்பட்டது. மறைந்த சாதனங்களைக் காட்டு என்று கேட்டதும், எங்கோ ஒளிந்திருந்த ‘என்.டி. ஏ.பி.எம்./லெகசி இன்டர்ஃபேஸ் நோட்’ என்ற பெயர், சிவப்புப் பெருக்கல் குறியோடு எழுந்து வந்தது. இத்தனை ஆண்டும் மேஸ்திரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குக் கூப்பிடாமல் விட்டிருக்கிறார்கள். அதை இயங்கச் செய்தோம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் ஏ.பி.எம். என்ற தாவல், அதில் ஒரே ஒரு சதுரம். தம்பி டிக் அடித்தார்.

மறுதொடக்கம். பிறகு டர்ன் ஆஃப். ‘விண்டோஸ் இஸ் ஷட்டிங் டவுன்’ என்ற வரி வந்தது, திரை கறுத்தது, பெட்டிக்குள் டக் என்று ஓர் ஒலி. விசிறி இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி நின்றது. அதுவரை அந்த உறுமலுக்கு அடியில் கேட்காதிருந்த சுவர்க்கடிகாரம் கேட்டது. கணக்கர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். ‘செத்துப்போச்சா தம்பி?’ என்றார்.

புதுக்கணினிகளுக்கும் இந்நோய் வரும். ஆனால் அதன் வழி வேறு. விண்டோஸ் 8 தொடங்கி, ஷட் டவுன் என்று சொன்னாலும் உள்ளே பாதி உறக்கம்தான். மறுநாள் விரைவாக எழ வேண்டும் என்பதற்காக நெஞ்சுப்பகுதியை வட்டில் எழுதிவைத்துக்கொள்கிறது. பழைய பெட்டியில் புது விண்டோஸ் போட்டு, திரை மட்டும் போய் விசிறி போகாதிருந்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற டிக்கை எடுக்க வேண்டும். அல்லது ஷிஃப்டைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழையதற்கு டிக் போடுவதும் புதியதற்கு டிக் எடுப்பதும் மருந்து. இதிலிருந்து ஏதேனும் தத்துவம் எடுக்க விரும்புவோர் தாங்களே எடுத்துக்கொள்க.

இயல் 7: பின்விளைவு

ஆய்வுக்கட்டுரைகள் பொதுவாக ஆறாம் இயலோடு முடிந்து நன்றியுரைக்குப் போய்விடும். நம் களம் அதற்கு இடம்தரவில்லை.

கணினி அணையாதிருந்த காலத்தில் கணக்கரின் மாலை இப்படி நடந்தது. அணைக்கலாம் என்ற வாசகம் வரும்வரை காத்திருப்பார். அந்நேரத்தில் அன்றைய சீட்டுகளை எண்ணிக் கம்பியில் குத்துவார். வாசகம் வந்ததும் குனிந்து பொத்தானை அழுத்துவார். குனிந்த கை அப்படியே பக்கத்திலிருக்கும் யு.பி.எஸ்.ஸையும் அணைக்கும், சுவர் சுவிட்சையும் தட்டும். பிறகு நோட்டில் ‘கம்ப்யூட்டர் ஆஃப்’ என்ற பத்தியில் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். யாரும் திட்டமிடாமலே அந்தப் பொத்தான் ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் அணைக்க வைத்துக்கொண்டிருந்தது.

டிக் அடித்த பிறகு அவர் டர்ன் ஆஃப் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், பஸ்ஸைப் பிடித்தார். கணினி சொன்னபடி தானே அணைந்தது. யு.பி.எஸ்.ஸை அணைக்க யாரும் குனியவில்லை. ஓர் இரவு கரண்ட் போனது. ஆளில்லாத அறையில் யு.பி.எஸ். கத்தத் தொடங்கி, பேட்டரி தீரும்வரை கத்தியது. கீழே வாட்ச்மேன் தாத்தா அதைத் திருட்டு எச்சரிக்கை என்று எண்ணி மேஸ்திரியை எழுப்ப, மேஸ்திரி முதலாளியை எழுப்ப, பச்சைத் தோல் கிடங்கு முழுக்க டார்ச் அடித்துப் பார்க்கப்பட்டது. தோல் ஒன்றும் குறையவில்லை. மறுநாள் காலையில் யு.பி.எஸ். பேட்டரி காலி, ஜாப் ஒர்க் சீட்டு மதியம்வரை அடிக்க முடியவில்லை.

முதலாளி மாடி ஏறி வந்து நோட்டைப் புரட்டினார். ‘ஏழு அஞ்சுக்கு ஆஃப்னு எழுதியிருக்கீங்களே சார்?’

‘கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சு பாய். அது தானா ஆயிடுது இப்போ.’

‘யாரு ஆஃப் பண்ணது?’

கணக்கர் பதில் சொல்லவில்லை. இரண்டு பன்னாட்டு நிறுவனங்களும் ஒரு ஜப்பானிய நிறுவனமும் பல ஆண்டு வழக்காடிய கேள்வி அது. ஒரு காலைப்பொழுதில் அவர் எப்படிச் சொல்வார்?

‘பழையபடியே வெச்சிடுங்க’ என்று சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போனார்.

கம்ப்யூட்டர் தம்பி மறுபடி வந்து அந்தச் சதுரத்தில் இருந்த டிக்கை எடுத்தார். போட்டதற்கு இருநூறு ரூபாய் வாங்கியிருந்தார். எடுத்ததற்கும் இருநூறு கேட்டார். ‘போட்டதைத்தானே தம்பி எடுக்கறே?’ என்றார் கணக்கர். ‘வண்டி பெட்ரோலு ஒண்ணுதானே சார்’ என்றார் தம்பி. கணக்கர் டேலியைத் திறந்து, முதல் இருநூறை எந்தத் தலைப்பில் எழுதினார் என்று தேடிப் பார்த்து, சற்று யோசித்து, இரண்டாவது இருநூறையும் அதே ‘ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்’ கணக்கில் எழுதினார்.